யாரையும் திட்டாத சார்

எங்கள் டிரெய்னிங் சார் யாரையும் திட்டியதில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். ஒரகடம் ரோட்டில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை உள்ள கம்பெனிகளில், வாயைத் திறந்தால் சாக்கடையாகப் பேசும் சூப்பர்வைசர்கள் ஏகப்பட்ட பேர். அவர்களிடம் குப்பை கொட்டிவிட்டு எங்கள் கம்பெனிக்கு வரும் பெண்கள் முதல் வாரம் சாரைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நடந்துகொள்வார்கள். இரண்டு மாதம் போனால் அந்தச் சாக்கடையே தேவலை என்பார்கள்.

ஆள் ஒடிசலாக இருப்பார். மடிப்புக் கலையாத சட்டை. பெண்களை 'அம்மா' சேர்க்காமல் கூப்பிட மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். முக்கியமாக ஏதாவது பேசப் போகிறார் என்றால் ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொள்வார். மற்றவர்களுக்கு ஏலக்காய் வாசம் என்றால் பாயசம் நினைவுக்கு வரும். எங்களுக்கு இன்றைக்கு யார் மாட்டினாள் என்றுதான் தோன்றும்.

அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "நீங்களே சொல்லுங்கம்மா."

ஒரு தடவை ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி அக்காவின் வளைகாப்புக்கு லீவு கேட்டாள். முடியாது என்று அவர் சொல்லவில்லை. ஷிப்ட் ஆரம்பிக்கும்போது எல்லோரையும் நிற்க வைத்துப் பேசும் கூட்டத்தில் அவளை முன்னால் அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். இவர்கள் அக்காவுக்கு வளைகாப்பு, போக ஆசைப்படுகிறார்கள், போனால் இவர்கள் வேலையையும் சேர்த்து மற்றவர்கள்தான் செய்ய வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். பிறகு ஏலக்காயை உடைத்தார். "அனுப்பலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். ஏற்கெனவே ஆள் குறைவு சார் என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தோம். அந்தப் பெண்ணே, வேண்டாம் சார், நான் போகவில்லை என்றாள். வளைகாப்பு முடிந்த மறுநாள் அவளிடம் போய், விசேஷம் நல்லபடியாக நடந்ததா என்று அக்கறையாக விசாரித்தார். அவள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். நாங்கள் பேசிக்கொள்வதைத் தினமும் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். ஒருநாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இன்னாமா இது, போலீஸ்காரன்கூட நாலு தட்டு தட்டிட்டு வுட்டுடுவான். உங்க சாரு அடிக்கவும் மாட்டாரு, வுடவும் மாட்டாரு." சாரைப் பற்றி இதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

எங்களுடையது காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் கம்பெனி. நகர்ந்துகொண்டே இருக்கும் போர்டுகளுக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நிற்போம். ஒயரின் முனையைக் கனெக்டரின் ஓட்டைக்குள் தள்ள வேண்டும். 'டிக்' என்று சத்தம் கேட்கும். உடனே லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, கேளு, இழு: வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இந்த மூன்றும்தான். இழுத்துப் பார்க்காமல் விட்டால் ஒயர் பாதி மாட்டியபடி இருக்கும். டெஸ்டில்கூட சில சமயம் தப்பித்துவிடும். அப்புறம் எங்கோ ரோட்டில் போகிற காரில் விளக்கு அணையும்.

இப்படிப் பாதி மாட்டிய ஒயர்கள் நிறைய வந்த காலத்தில் சார் எங்களைக் கூட்டினார். தப்பு செய்கிறவர்களை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கம்மா என்றார். ஒருத்தி ஃபைன் போடலாம் என்றாள். இன்னொருத்தி நிற்க வைக்கலாம் என்றாள், ஏதோ நாங்கள் உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி. என் ரூம்மேட் இசக்கி சும்மா இருந்திருக்கலாம். வாய்த்துடுக்கு அவளுக்கு. "செவப்புத் தொப்பி போட்டு விட்ரலாம் சார், கோமாளி மாதிரி" என்றாள். எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு சிவப்புத் தொப்பி வந்துவிட்டது. கூடவே இசக்கிக்கு ஒரு டப்பா அல்வாவும்.

விதிகளையும் எங்களையே சொல்ல வைத்தார். தப்பு செய்தவள் தொப்பி போட வேண்டும். இன்னொருத்தியின் தப்பை அவள் கண்டுபிடிக்கிறவரை கழற்றக் கூடாது. கண்டுபிடித்தால் லைனை நிறுத்திச் சத்தமாகச் சொல்லி, தன் கையாலேயே தொப்பியை அவள் தலையில் வைக்க வேண்டும். மற்றவர்கள் கை தட்ட வேண்டும். எனக்கும் சேர்த்துத்தான் இந்த விதி என்று சார் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவர்தான் ஒயரைக் கையால் தொடுவதே இல்லையே.

தப்பு சட்டென்று குறைந்தது உண்மை. தொப்பி போட்டவளின் கண் மற்றவர்கள் கை மேலேயே இருக்கும். மற்றவர்கள் கண் அவள் மேல் இருக்கும். படப்பையில் நாங்கள் ஐந்து பேர் ஒரே ரூமில் ஒரே பானையில் சோறு பொங்கித் தின்றவர்கள். இசக்கி சாத்தூர்ப் பக்கம், நான் கோவில்பட்டிப் பக்கம், ஏறக்குறைய ஒரே மண். அவள்தான் என் தலையில் முதலில் தொப்பியை வைத்தாள். வைத்துவிட்டு அவளும் கை தட்டினாள். அன்றிலிருந்து நான் தனிப் பானை வாங்கிப் பொங்கினேன்.

நான் ஒன்றும் சளைத்தவள் இல்லை. அரை மணி நேரத்துக்குள் ஒரு புதுப் பெண்ணின் கனெக்டரில் ஒயர் ஆடுவதைப் பார்த்துவிட்டேன். அவள் ஏற்கெனவே ஊர் நினைவில் அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவள் இழுத்துப் பார்க்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சார் பின்னால் வந்து நின்று, "உங்களுக்கு நல்ல கண்ணும்மா" என்றார். எங்கள் வாத்தியார்கூட என்னை அப்படிப் பாராட்டியதில்லை. அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கண்தான் என்னை வெளிநாடு கொண்டுபோனது. இந்தோனேசியாவில் எங்கள் கம்பெனிக்கு ஒரு புதிய கிளை ஆரம்பித்திருந்தார்கள். அங்கே பாதி மாட்டிய ஒயர்கள் மலிந்து கிடந்தன. ஒரகடத்தில் எப்படிக் குறைத்தீர்களோ அப்படியே வந்து சொல்லிக் கொடுங்கள் என்று சாரைக் கூப்பிட்டார்கள். கையால் செய்து காட்ட அவருக்கு ஓர் ஆள் வேண்டும். நானும் இசக்கியும் அப்போது காண்ட்ராக்ட். எங்கள் லைனில் ஒரே ஒருத்தியைத்தான் பெர்மனன்ட் ஆக்கப் போகிறார்கள் என்றும், போட்டி எங்கள் இரண்டு பேருக்குள்தான் என்றும் எல்லோருக்கும் தெரியும். ஆகாதவள் ஊருக்குத் திரும்பித் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கத்தான் போக வேண்டும். காண்ட்ராக்ட் ஆளை எப்படி வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று எச்ஆர் இழுத்தது. யாரை அழைத்துப் போகலாம், நீங்களே சொல்லுங்கம்மா என்று சார் லைனிடம் கேட்டார். என் பெயர் வந்தது. போய்விட்டு வந்ததும் உங்கள் பெர்மனன்ட் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இசக்கி அன்று என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜகார்த்தாவிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது அந்த இடம். ஒரகடத்தைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த மாதிரி அதே லாரிகள், அதே கம்பெனி பஸ்கள், ஷிப்ட் முடிந்து கும்பலாக நடக்கும் அதே வயதுப் பெண்கள். அநேகம் பேர் தலையில் முக்காடு கட்டி, அதன் மேல் கம்பெனித் தொப்பி போட்டிருந்தார்கள். சார் பேசுவதை அவர்கள் மொழியில் சொல்ல, இங்கிலீஷ் தெரிந்த ஆபீஸ் பெண் ஒருத்தி கூடவே இருந்தாள்.

முதல் நாள் சார் சிவப்புத் தொப்பியை மேஜை மேல் வைத்து விதிகளைச் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் என்றும் வழக்கம் போலச் சொன்னார். பிறகு ஓடும் லைனிலிருந்து பாதி மாட்டிய ஒரு கனெக்டரை நான் எடுத்துக் கொடுத்தேன். இது யார் வேலை, நீங்களே சொல்லுங்க என்றார். ஒருவரும் அடுத்தவரைப் பார்க்கவில்லை. ஒரகடத்தில் இதற்குள் நாலு விரல் நீண்டிருக்கும். கடைசியில் சாம்பல் நிற முக்காடு போட்ட ஒரு பெண் தானே கையைத் தூக்கினாள். தானே வந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய் நின்றாள். சாருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூச்சப்படுகிறார்கள், போகப் போகச் சரியாகிவிடும் என்று என்னிடம் சொன்னார்.

சரியாகவில்லை. மறுநாளும் தொப்பி அவள் தலையில்தான் இருந்தது, அதற்கு மறுநாளும். ஏன்மா நகரவே மாட்டேன் என்கிறது என்று சார் என்னைக் கவனிக்கச் சொன்னார். நான் கவனித்துச் சொன்னேன். பக்கத்துக்காரி ஒயரைச் சரியாக மாட்டாவிட்டால் சாம்பல் முக்காட்டுக்காரி கையை நீட்டி, இழுத்துப் பார்த்து, 'டிக்' என்று திரும்ப மாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். இவளுக்கு அந்தப் பக்கத்துக்காரி அப்படியே செய்தாள். தொப்பி வந்ததிலிருந்து தப்பு டெஸ்டுக்குப் போவதே இல்லை, தொப்பியும் நகரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தொப்பிக்காரிக்கு இடம் பிடித்து வைத்தார்கள். அவள் தட்டில் ஆளுக்கொரு துண்டு மீன் வைத்தார்கள். தண்டனையை இப்படிக் கொண்டாடுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கிளையின் பெரிய மனிதர்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர், நீங்களே செய்து காட்டுங்களேன் என்று சாரிடம் சொல்லிவிட்டார். நான் முன்னால் போனேன். இல்லை, அவர் செய்யட்டும் என்றார்கள். சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒயரை எடுத்தார். அவர் ஒயரைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தள்ளு, கேளு, இழு என்று வந்தவர்களின் முகத்தைப் பார்த்து அழகாக விளக்கிக்கொண்டே தள்ளினார். 'இழு' என்று வாயால் சொன்னார். கை இழுக்கவில்லை.

நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் அந்தக் கனெக்டரைச் சாம்பல் முக்காட்டுக்காரியிடமே நீட்டி, இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள் என்றார். கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும். அவள் லேசாக இழுத்தாள். ஒயர் அவள் விரலோடு வந்துவிட்டது.

அவள் ஆபீஸ் பெண்ணிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். ஆபீஸ் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. சாருக்கும் விதி உண்டு என்று முதல் நாள் சொன்னாரே, அது நிஜம்தானா என்று கேட்கிறாள் என்றாள். பெரிய மனிதர்கள் எல்லோரும் சாரையே பார்த்தார்கள். அவர் ஓர் ஏலக்காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்டிப்பாக என்று சொல்லித் தலையைக் குனிந்தார். அவள் தன் தொப்பியைக் கழற்றி, இரண்டு கையாலும் அவர் தலையில் வைத்து, மன்னிக்கச் சொல்லி நெஞ்சில் கை வைத்தாள். ஒருவரும் கை தட்டவில்லை. அந்த அமைதிதான் அவருக்கு ரொம்ப வலித்திருக்கும்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ராமநாதபுரத்துப் பெண்ணை நினைத்தேன், என் தலையில் தொப்பி இருந்த அரை மணி நேரத்தை நினைத்தேன். நன்றாக வேண்டும் என்று மனதுக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டேன். மீதி இருந்த நாளெல்லாம் அவர் சிவப்புத் தொப்பியோடுதான் வகுப்பு எடுத்தார். அந்தப் பெண்கள் அவருக்கும் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். வாழைக்காய் பஜ்ஜி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரக்கப்பட்டுக் கொடுத்ததை அவரால் விழுங்க முடியவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

கடைசி நாள் லைனின் கடைசி போர்டில் ஒரு சின்னப் பெண் வெள்ளைக் கனெக்டரில் ஒயரைப் பாதி மாட்டிவிட்டு நகர்ந்தாள். நான் பார்த்தேன். சார் என் பக்கத்தில்தான் நின்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக ஒரு வார்த்தை நான் சொன்னால்கூட அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஊருக்கு வரலாம். மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். அதற்குள் பக்கத்துக்காரி இழுத்துச் சரிசெய்துவிட்டாள். பயிற்சி முடிந்துவிட்டது.

புறப்படும்போது சாம்பல் முக்காட்டுக்காரி ஆபீஸ் பெண்ணோடு என்னிடம் வந்தாள். உங்கள் ஊரில் இந்தத் தொப்பி ஒருத்தர் தலையில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டாளாம். டீ பிரேக் வரைக்கும்கூடத் தாங்காது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். பாவம் என்கிறாள் என்று ஆபீஸ் பெண் சொன்னாள். சாரைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

விமானத்தில் சார் தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தார். "நல்ல பாடம்மா" என்றார். அவ்வளவுதான் பேசினார். தொப்பிக்கு இதோடு சாவு என்று நினைத்துக்கொண்டேன்.

படப்பைக்கு வந்து சேர்ந்ததும் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இசக்கியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சார் தலையைக் குனிந்ததை நடித்துக் காட்டினேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "கடைசி நாளு பாத்துட்டும் சும்மாவா இருந்த? பெரிய ஆளுதாம்ட்டி நீ" என்று என் முதுகில் அடித்தாள். அன்று அவள் பானையில் பொங்கிய சோற்றைத்தான் நானும் தின்றேன். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் ருசியாகச் சாப்பிட்டது அன்றுதான்.

மறுநாள் ஷிப்ட் கூட்டத்தில், நாங்கள் ரகசியம் என்று நினைத்ததை அவரே போட்டு உடைத்தார். அங்கே நான் தப்பு செய்தேன், தொப்பி போட்டுக்கொண்டேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை என்று சிரித்த முகமாகச் சொன்னார். பையிலிருந்து தொப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தார். நல்ல பாடம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன் என்றார். தப்பு செய்கிறவரால் கெடுதல் கொஞ்சம்தான், பார்த்தும் சொல்லாமல் மூடி மறைக்கிறவரால்தான் எல்லாமே கெடுகிறது என்றார்.

"பார்த்துட்டும் சொல்லாதவங்களை என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்கம்மா."

தொப்பி போடலாம் சார் என்றது லைன். பழக்க தோஷம், அந்தக் கோரஸில் என் குரலும் இருந்தது. அப்போதுதான் ஏலக்காய் வாசம் வந்தது.

"நம்ம லைன்லயும் ஒருத்தர் இருக்காங்க. அங்கே கடைசி நாள், கடைசி போர்டு, வெள்ளைக் கனெக்டர். பார்த்தாங்க, சொல்லலை. பேரை நான் சொல்ல மாட்டேன்மா."

எனக்கு முன்னாலேயே அவர் அந்த ஒயரைப் பார்த்திருக்கிறார், நான் ஃபேனைப் பார்த்ததையும் சேர்த்து. தானே வாயைத் திறந்திருந்தால் அந்த நிமிடமே தொப்பி இறங்கியிருக்கும். தன் வாயால் ஒருத்தியைக் காட்டிக்கொடுப்பதைவிடத் தலையில் தொப்பியோடு நிற்பதே மேல் என்று, நான் சொல்வதற்காக நின்றிருக்கிறார். அந்த மனுஷனின் பிடிவாதம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இசக்கியைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். லைனுக்கு ஒரே ஆர்டர் என்பது அவளுக்கும் தெரியும்.

"இவதான் சார். என்ட்ட அவளே சொன்னா" என்றாள்.

அவளையே தொப்பியை வைக்கச் சொன்னார்கள். வைக்கும்போது அவள் கை நடுங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள், லைன் ஓட ஆரம்பித்தது. இசக்கி எனக்கு அடுத்த போர்டில் நின்றாள். இனி பெர்மனன்ட் அவளுக்குத்தான், எனக்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்று நினைத்தபோது கண்ணீர் முட்டியது. ஆனால் என் கண் அழவில்லை. அது பாட்டுக்கு அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுங்குகிற கை இழுத்துப் பார்க்காது.

நினைத்தபடியே நடந்தது. கறுப்புக் கனெக்டரில் ஒயர் பாதி வெளியே ஆடிக்கொண்டு நகர்ந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அந்த நேரத்தில் சாம்பல் முக்காடு நினைவுக்கு வராமல் இல்லை. கையை நீட்டி இழுத்துத் திரும்பத் தள்ளினால் முடிந்தது வேலை. கை பாதி தூரம் போகவும் செய்தது. பின்னால் ஏலக்காய் வாசம் வந்து நின்றது. 

"சார், இங்கன பாருங்க" என்று கேட்டது என் குரல்தான்.

லைன் நின்றது. தொப்பியைக் கழற்றி என் கையாலேயே இசக்கியின் தலையில் வைத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். சார் என் காதருகே குனிந்து, ஆர்டர் இந்த வாரமே வந்துவிடும் அம்மா என்றார். இசக்கி என்னைப் பார்க்கவில்லை. அடுத்த போர்டில் நின்ற பெண்ணின் கையைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். டீ பிரேக் மணி இன்னும் அடிக்கவில்லை.